சட்டம் அறிவோம்: பொலிஸ் புத்தகத்தில் முதலில் எழுதப்படும் சொல்



நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பழைய பத்துக்காம்பரா லயம் ஒன்று இருந்தது. அந்த லயத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். மூன்றாம் காம்பராக்காரருக்கும் ஏழாம் காம்பராக்காரருக்கும் அந்தக் குழாயடியில் நெடுநாளாகப் பிணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஏழாம் காம்பராக்காரர் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வீசிவிட்டார். மற்றவருக்கு இடது கையில் இரண்டு விரல்களில் வெட்டு. சத்தம் கேட்டு ஓடி வந்த ஏழாம் காம்பராவின் தம்பி, பத்தொன்பது வயதுப் பையன், பக்கத்தில் நின்றான்.

அன்றிரவே பெரியவர்கள் கூடினார்கள். "நம்மளுக்குள்ளயே பேசித் தீர்த்துக்குவோம், பொலிசுக்கெல்லாம் போக வேணாம்" என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டால் என்ன சொல்வது? "வெறகு வெட்டுறப்ப கத்தி பட்டுருச்சின்னு சொல்லுங்க மாமா" என்று ஒருவன் சொல்லிக் கொடுத்தான். அவரும் அப்படியே சொன்னார். டொக்டரும் டிக்கட்டில் அப்படியே எழுதினார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "நல்லதுதான், பேசி முடிச்சிருங்க" என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று கிழமை போனது. விரல் மடங்கவில்லை. கொழுந்தெடுக்க முடியாது, கத்தி பிடிக்க முடியாது. பேசிய காசும் வரவில்லை. அப்போது அவர் கோபத்தில் பொலிசுக்குப் போனார். போனவர் நடந்ததை மட்டும் சொல்லாமல், "தம்பிக்காரன் என் கையைப் பிடிச்சிக்கிட்டான், அண்ணன்காரன் வெட்டினான்" என்று தம்பியையும் சேர்த்து விட்டார். இரண்டு பேரும் கைதானார்கள். அந்தப் பையன் தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் போட்டான்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது எதிரித் தரப்பு சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆஸ்பத்திரியில் விறகு வெட்டும்போது என்று சொன்னீரா, இல்லையா?" அவர் "ஆமா" என்றார். அதோடு வழக்கு சாய்ந்து விட்டது. வெட்டு வாங்கியவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. கையைப் பிடிக்காத பையன் விளக்கமறியலில் இருந்ததால் கொழும்பில் கிடைத்திருந்த வேலையை இழந்தான். இந்தப் பாடத்தை நான் எழுத வந்தது அந்த இரண்டு பேரையும் நினைத்துத்தான்.

எது குற்றம்?

நமக்கு யாராவது தீங்கு செய்தால் எல்லாமே குற்றம் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சீட்டுக் காசு கட்டியவர் கையில் காசில்லாமல் இழுத்தடித்தால் அது கடன் பிணக்கு, சிவில் விஷயம். அதே ஆள் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் சொல்லிப் பத்துப் பேரிடம் காசு வாங்கியிருந்தால் அது மோசடி, குற்றம். இரண்டிலும் காசு போனது போனதுதான். ஆனால் ஒன்றுக்குப் பொலிஸ் வரும், மற்றதற்கு வராது. "பொலிஸ் கேஸ் எடுக்க மாட்டேங்குது" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சிவில் விஷயத்தோடு வந்தவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் எவை குற்றம், அவற்றுக்கு என்ன தண்டனை என்பதைப் பெரும்பாலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொலிஸ் எப்படி விசாரிக்க வேண்டும், எப்படிக் கைது செய்ய வேண்டும் என்பதை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. கோட்டில் எதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பதற்கு 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்த மூன்றின் பெயரும் தெரிந்திருந்தால் போதும், மிச்சத்தைச் சட்டத்தரணி பார்ப்பார்.

பெரும்பாலான குற்றங்களுக்கு இரண்டு பகுதி உண்டு. ஒன்று செய்கை, மற்றது மனசு. பிரட்டுக் களத்தில் பத்துக் கூடை இருக்கிறது, அவசரத்தில் பக்கத்து அக்காவின் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். செய்கை நடந்தது, ஆனால் திருடும் மனசு இல்லை. ஆகவே களவு இல்லை. அதே கூடையை அவருக்குத் தெரியாமல் எடுத்துப்போக வேண்டும் என்ற நேர்மையற்ற எண்ணத்தோடு நாலு அடி நகர்த்தினாலே களவு முடிந்தது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு வேடிக்கையான விஷயமும் சட்டத்தில் உண்டு. மரம் நிலத்தில் நிற்கும்வரை அதைக் "களவெடுக்க" முடியாது. வெட்டிச் சாய்த்து நிலத்திலிருந்து பிரித்தவுடன் அது களவெடுக்கக்கூடிய பொருளாகிவிடும். விறகுக்காக மரத்தில் கை வைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

"வெறியில செஞ்சிட்டேன் ஐயா" என்று சொல்வது நம் பக்கத்தில் அதிகம். தானாக விரும்பிக் குடித்தவனுக்கு வெறி பொதுவாகச் சாட்டாகாது. யாராவது பலாத்காரமாகவோ தெரியாமலோ குடிக்கக் கொடுத்திருந்தால்தான் கதை வேறு. அதேபோல் தன்னைக் காத்துக்கொள்ளத் திருப்பி அடிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் தேவைக்கு மேலே போகக் கூடாது. தடியோடு வந்தவன் தடியைப் போட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பு இல்லை.

அடுத்தது கூட நின்றவர்கள் கதை. ஒருவர் வெட்ட, இன்னொருவர் அதே எண்ணத்தோடு கையைப் பிடித்துக் கொடுத்தால், சட்டத்தின் முன் இருவருமே வெட்டியவர்கள். இதைப் பொது எண்ணம் என்பார்கள். ஆனால் சும்மா பக்கத்தில் நின்றது குற்றம் அல்ல. அண்ணன் தம்பி என்பதும் குற்றம் அல்ல. நம் ஆட்கள் முறைப்பாடு கொடுக்கும்போது ஒருவரோடு பிணக்கு என்றால் அவர் பெண்சாதி, மகன், மச்சான் எல்லோரையும் "சேர்த்து விடுவது" வழக்கமாகிவிட்டது. அது அநியாயம் என்பது ஒரு பக்கம். கோட்டில் ஒரு பெயர் பொய் என்று தெரிந்தால் உண்மையான பெயரும் அதோடு நம்பிக்கை இழக்கும் என்பது மறுபக்கம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத்தான் குற்றப் பொறுப்பு இல்லை என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு அது பன்னிரண்டு வயதாகியிருக்கிறது. பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, தான் செய்வதன் விளைவை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும்.

காயமும் காகிதமும்

அடிதடி வழக்கில் காயம் எவ்வளவு பெரியது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சாதாரண காயத்துக்கு ஒரு வருஷம் வரை மறியல். எலும்போ பல்லோ முறிந்தால், கண் பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போனால், ஓர் உறுப்போ மூட்டோ நிரந்தரமாகச் செயலிழந்தால், முகம் நிரந்தரமாக விகாரப்பட்டால் அது கடும் காயம், ஏழு வருஷம் வரை. அதையே வெட்டும் கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் செய்தால் பத்து வருஷம் வரை போகும். எந்த வகை என்பதை நீங்களோ நானோ பொலிசோ தீர்மானிக்க முடியாது. பொலிஸ் கொடுக்கும் வைத்திய சட்டப் பரிசோதனைப் படிவத்தில் டொக்டர் எழுதுவதுதான் கோட்டுக்குப் போகும்.

ஆகவே காயம் பட்டால் முதலில் ஆஸ்பத்திரி. உயிர்தான் முக்கியம், பொலிஸ் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ் காவல் இடத்திலும் சொல்லலாம். தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே எப்படிக் காயம் வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சமாதானம் பேசுவது தப்பில்லை, ஆனால் டொக்டரிடம் பொய் சொல்லிக்கொண்டு சமாதானம் பேசக் கூடாது. உண்மையைச் சொல்லி வைத்த பிறகும் சமாதானம் பேசலாம். சிறு காயம் போன்ற சில குற்றங்களைக் கோட்டிலேயே இணங்கி முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும் அதற்குத்தான் இருக்கின்றன. கொலை, பாலியல் வல்லுறவு போன்றவற்றை யாரும் பேசி முடிக்க முடியாது. அங்கே வழக்காளி நீங்கள் அல்ல, அரசு. நீங்கள் சாட்சி மட்டுமே. தலைவர்மாரும் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஒரு சிறு பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கோயிலடியில் கூட்டம் வைத்துத் தண்டப்பணம் போட்டு மூடுவது சமாதானம் ஆகாது.

இரத்தம் பட்ட உடுப்பைத் துவைக்காதீர்கள். கத்தியைத் தொடவோ கழுவவோ வேண்டாம். பொலிஸ் வந்து பார்த்து எடுக்கட்டும். பாலியல் கொடுமை நடந்திருந்தால் அந்தப் பெண்ணோ பிள்ளையோ குளிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வெட்கம், ஊர் வாய் என்று ஒரு நாள் தாமதித்தாலும் சாட்சியம் தண்ணீரோடு போய்விடும். தாமதித்து விட்டாலும் போகத்தான் வேண்டும், டொக்டர் பார்க்கக் கூடியது அப்போதும் இருக்கலாம். பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளைகள் சம்பந்தமாக 1929, பெண்கள் சம்பந்தமாக 1938.

என்ட்ரி போடும்போது

பொலிசில் முறைப்பாடு சொல்வதைத்தான் நாம் என்ட்ரி போடுவது என்கிறோம். வாயால் சொன்னாலும் பொலிஸ் உத்தியோகத்தர் அதை எழுத வேண்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கையெழுத்து. எந்த மொழியில் சொல்கிறீர்களோ அந்த மொழியில் எழுத வேண்டும் என்பது சட்டத்தின் 109ஆம் பிரிவில் உள்ள ஏற்பாடு. அது முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால், காரணத்தைக் குறித்துவிட்டு அவர் வேறு மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். தமிழ் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், போகும்போதே ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், எழுதித் தருவார்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் செய்தது, எதனால் செய்தது, யார் யார் பார்த்தது, என்ன காயம் அல்லது நட்டம். செய்தவன் பெயர் தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதுங்கள், ஆனால் உயரம், உடுப்பு, குரல் என்று தெரிந்ததைச் சேருங்கள். ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். பழைய பகையை ஐந்து பக்கத்துக்கு எழுதி, சம்பவத்தைக் கடைசியில் இரண்டு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிறகு ஓ.ஐ.சி.யிடம் போனாலும் தேடுவது கஷ்டம்.

ஏன் முதல் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு? பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் கோட்டில் நீங்கள் சொல்வதும் அன்று சொன்னதும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டைக் காட்டி உங்கள் சாட்சியை உடைக்கலாம். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வழக்குத் தொடுநரைச் சேர்ந்தது. எதிரி தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் எழுந்தாலே போதும். நம் மூன்றாம் காம்பராக்காரர் வழக்கில் அந்தச் சந்தேகத்தை அவரே ஆஸ்பத்திரி டிக்கட்டில் எழுதி வைத்திருந்தார்.

உங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால்

கைது செய்யும்போதே என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது. சாதாரணச் சட்டத்தின் கீழ், பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சில விசேட சட்டங்களில் வேறு ஏற்பாடு உண்டு. ஆகவே வீட்டார் முதலில் செய்ய வேண்டியது மூன்று: எந்தப் பொலிஸ், எந்தக் குற்றச்சாட்டு, எத்தனை மணிக்குக் கைது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. சத்தம் போடாமல், மரியாதையாகக் கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கல்லெறிந்து இன்னும் நாலு பேர் உள்ளே போன கதைகளும் நமக்குத் தெரியும்.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதை எதிரிக்கு எதிராகக் கோட்டில் நிரூபிக்க முடியாது. அடித்தோ பயமுறுத்தியோ ஆசை காட்டியோ அதிகாரமுள்ள ஒருவர் பெற்ற ஒப்புதலும் செல்லாது. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. "கத்தியை அந்த மானாப்புல் பத்தைக்குள்ள போட்டேன்" என்று சொல்லி, அங்கே கத்தி அகப்பட்டால், கத்தியைக் கண்டுபிடிக்க உதவிய அந்தச் சொல் மட்டும் ஏற்கப்படலாம். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதும் பிழை இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை உண்டு. விளங்காத மொழியில் இருந்தால், "எனக்கு இது வெளங்கல, தமிழ்ல சொல்லுங்க சேர்" என்று கேட்பது அவமரியாதை அல்ல.

இதே நியாயம் நமக்கும் பொருந்தும். கண்முன்னே களவு நடந்தால் பொதுமகன் ஒருவரும் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். பட்டர் பழம் பறித்த பையனைத் தூணில் கட்டி வைத்து இரவு முழுக்க அடிப்பது விசாரணை அல்ல. அடித்தவர்தான் பிறகு எதிரியாக நிற்பார்.

விசாரணை முடியாமலே ஒருவரை நீதவான் முன் கொண்டுபோகும்போது பொலிஸ் சமர்ப்பிப்பதுதான் "பீ" அறிக்கை. அந்த இலக்கம் கிடைத்தால் சட்டத்தரணி மிச்சத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார். விளக்கமறியல் தண்டனை அல்ல. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விலக்கு என்கிறது. கொலை போன்ற பாரதூரமான குற்றச்சாட்டுக்கு மேல் நீதிமன்றம்தான் பிணை தர வேண்டும். பிணை நிற்க வருகிறவர்களிடம் வழமையாகக் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் அடையாள அட்டையும் கேட்பார்கள். காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாத நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. இரண்டு பேராவது அந்தக் கடுதாசியை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது புத்தி.

சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காவலில் அடித்தார்கள், காரணமில்லாமல் பிடித்தார்கள் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சம்பள நாள் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று இருந்தால் அந்த மாதம் போய்விடும். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கவே இல்லை என்றால், சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவானிடம் வழக்குப் போடவும் வழி உண்டு.

சாட்சிக்காரர்களுக்கும் ஒன்று. "எதுக்கு வம்பு, நான் பார்க்கல" என்று ஒதுங்குவது ஏன் என்று எனக்கு விளங்கும். ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே மலை. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்க 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. மிரட்டினால் அதையும் தனியாக என்ட்ரி போடுங்கள்.

அந்த லயத்தில் அன்று குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பையன் கையைப் பிடிக்கவில்லை என்பதும், அண்ணன் வெட்டினான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. வழக்கு முடிந்து வெகு நாளைக்குப் பிறகு அவர்களில் ஒரு அக்கா என்னிடம், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ஐயா" என்றார். இப்போது அந்த லயத்துக்கு இரண்டு குழாய் இருக்கிறது.